கொண்டைமலை புரண்டு படுத்தபோது

நாவலோடை ஊருக்கு மேற்கே நின்ற கொண்டைமலை, ஐப்பசி அடைமழை விட்ட ஒரு விடியற்காலையில், ஒருக்களித்துப் படுத்திருந்தவர் கை மரத்துப்போய் மறுபக்கம் திரும்புவதுபோல, ஒரு பெருமூச்சோடு புரண்டு படுத்தது. சத்தம் அவ்வளவாக இல்லை. அடுக்கிவைத்த பாத்திரங்கள் லேசாகக் கிணுகிணுத்தன, கொடியில் கிடந்த துணிகள் காற்றில்லாமல் ஆடின, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும், கைக்குழந்தைகள் முதற்கொண்டு, அதே நேரத்தில் ஒரு தரம் புரண்டு படுத்து மறுபடியும் தூங்கிப்போனார்கள்.

முதலில் பார்த்தவள் காமுத்தாய். மலையேற வருகிறவர்களுக்கு இட்லியும் கட்டுச்சோறும் போடுகிற மெஸ் அவளுடையது. மலைப்படிக்கட்டு தொடங்குகிற இடத்தில், நீலத் தார்ப்பாய் போட்ட கூரைக்குக் கீழே, புருசன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று அவள் நடத்துகிற கடை. வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கக் குனிந்தவள் நிமிர்ந்தபோது படிக்கட்டு இல்லை. வேட்டியை உதறி விரித்ததுபோல் விழுகிற அருவி இல்லை. அவள் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த முகமே அங்கே இல்லை. அதற்குப் பதிலாக நெடுக ஒரு புல்சரிவும், அதற்கு மேல் கறுத்த பாறைச்சுவரும், சுவருக்கும் மேலே, கொண்டையைப் பின்னாலிருந்து பார்த்தால்தானே கொண்டையின் அழகு தெரியும் என்பதுபோல, வடிவாக முடிந்து வைத்த உச்சிப்பாறையும் நின்றன. காமுத்தாய் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், இன்றைக்கு மாவு அதிகம் கரைக்க வேண்டாம் என்று முடிவுசெய்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஊர் அன்றைக்கு வாயடைத்து நின்றது. மறுநாள் வேலைக்குப் போனது. ஓடை மட்டும் வழி தெரியாமல் அலைந்து திரிந்து, அடிவாரத்தைச் சுற்றிக்கொண்டு, கலங்கிய தண்ணீரோடு தன் பழைய வாய்க்காலுக்கே வந்து சேர்ந்தது. குரங்குகள், தங்கள் மரங்களெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்ட கோபத்தில், பஞ்சாயத்து அலுவலகத்துக் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு யார் பழம் கொடுத்தாலும் வாங்க மறுத்தன. சூரியன் இறங்குகிற பள்ளம் இடம் மாறிவிட்டதால் பொழுது முன்னைவிடச் சீக்கிரம் சாய்ந்தது, பால்காரர்கள் சீக்கிரம் கறந்தார்கள், முடிதிருத்தும் கடைக்காரர் நாற்காலியை வேறு பக்கமாகத் திருப்பிப் போட்டார். காட்டிலாகாவிலிருந்து வந்தவர்கள் எல்லைக்கல்லைத் தேடிப் பார்த்து, அது மலையோடு அடுத்த சரகத்துக்குப் போய்விட்டதை அறிந்து, டீ குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் படம் வரையும் வகுப்பில் புது மலையை வரைந்து, அதற்கும் பழையபடியே பச்சை வண்ணம் தீட்டினார்கள்.

ஆனால் மலையேற வருகிறவர்கள் நின்றுபோனார்கள். சனி, ஞாயிறுகளில் மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் முதுகுப்பையோடு வந்து இறங்கியவர்கள், பாறைச்சுவரை அண்ணாந்து பார்த்து, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, படிக்கட்டு இப்போது மலைக்கு அந்தப் பக்கம் ஈச்சங்குடியில் இருக்கிறதென்று விசாரித்து, மலையைச் சுற்றிக்கொண்டு போகிற பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். போனவர்கள் ஈச்சங்குடியிலேயே சாப்பிட்டு, ஈச்சங்குடியிலேயே டீ குடித்து, அப்படியே ஊர் திரும்பினார்கள். காமுத்தாயின் இட்லிச்சட்டி கவிழ்த்து வைக்கப்பட்டது.

ஈச்சங்குடி என்ற பேரைக் கேட்டாலே காமுத்தாய்க்கு நெஞ்சு கசக்கும். அவளுடைய கூடப்பிறந்த அக்கா ஒச்சம்மா வாக்கப்பட்ட ஊர் அது. பறவைக்கு ஒரு மலை தூரம். மனிதருக்கு இரண்டு பஸ், ஒரு ஆறு. ஆத்தா செத்தபோது சேதி சொல்லிவிட்டு, பாடையைக் கட்டாதீங்க, அக்கா வந்துரட்டும் என்று காமுத்தாய் வாசலில் கையை விரித்து மறித்து நின்றாள். வானம் இருட்டிக்கொண்டு வந்ததே தவிர ஒச்சம்மா வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பதினாறாம் நாளுக்கும் வரவில்லை, ஏன் வரவில்லையென்று ஒரு சொல்லும் சொல்லி அனுப்பவில்லை. பிறகு போன் வந்தபோது காமுத்தாய் எடுக்கவில்லை. ஒருத்தி கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள், இன்னொருத்தி எதிர்பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். மலை நடுவில் நின்றதால் இரண்டு பேருக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

மலை முதுகைக் காட்டிவிட்டது என்று ஊர் மனம் உடைந்துபோனது. என்ன குற்றம் செய்தோம் என்று ஆளுக்கு ஆள் பக்கத்து வீட்டைச் சந்தேகித்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் சீனிச்சாமி, தூங்குகிற மலையை எழுப்பிவிட்டால் தானாக இந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளும் என்று சொல்லி, நாலு ஊரிலிருந்து தப்பும் உறுமியும் வரவழைத்து, பொங்கல் வைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அடிக்கச் சொன்னார். கொட்டுச் சத்தத்தில் கன்றுகள் மிரண்டன, கல்யாணம் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர் மொய்க்கவரோடு வந்தார்கள். மலை அசையவில்லை.

"நம்ம மேல என்ன கோவமோ தெரியல. இப்பிடி முதுகக் காட்டிருச்சே," என்று சீனிச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து காமுத்தாய் கேட்டாள். "முதுகு எதுக்குண்ணே இருக்கு? ஆத்தாகாரி பிள்ளைக்கு முன்னால முதுகக் காட்டிக் குனிஞ்சா என்ன அர்த்தம்? ஏறிக்கன்னு அர்த்தம். இதப் போயி கோவம்ங்கிறீங்க. நாளைக்கு நான் ஏறப்போறேன்."

"நீ படிக்கட்டுலயே ஒருநாளும் ஏறுனதில்லையேம்மா."

"அடுப்ப விட்டு எறங்குனாத்தான மலையேற முடியும்? இப்பத்தான் எறங்கியிருக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவள் சொன்னால் செய்துவிடுவாள் என்று ஊருக்குத் தெரியும்.

சோலைராசு கூட வருவதாகச் சொன்னான். இளவட்டத்திலிருந்தே மலையேறிகளுக்கு வழிகாட்டியாகப் போய்வந்தவன். பழைய பாதையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பான், இப்போது எல்லாக் கல்லும் அவனுக்கு அந்நியமாகிவிட்டதில் தாடி வளர்த்துக்கொண்டு அலைந்தான். விடியும்போது இரண்டு பேரும் கிளம்பினார்கள். காமுத்தாய் சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டி, எலுமிச்சம்பழச் சோற்றைப் பொட்டலமாக இடுப்பில் செருகி, கிணற்று வாளிக் கயிற்றைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டாள். சோலைராசு அரிவாளும் தண்ணீர்க் கேனும் எடுத்துக்கொண்டான்.

புல்சரிவு கீழிருந்து பார்த்ததுபோல் மெத்தென்று இல்லை. ஆள் உயரத்துக்கு வளர்ந்து, தொட்டால் கையைக் கீறுகிற, மிதித்தால் எலுமிச்சை வாசம் அடிக்கிற புல். அதற்குள் வழி என்று எதுவும் இல்லை. காட்டுமாடு போன தடம் பத்தடி போகும், அப்புறம் மாட்டுக்கே மனசு மாறியதுபோல் திரும்பிவிடும். அந்தி வெயிலை மட்டுமே பார்த்துப் பழகிய அந்தப் பக்கத்துச் செடிகள், திடீரென்று முகத்தில் அடிக்கிற காலை வெயிலுக்குத் திகைத்து, பூக்களைப் பாதி திறந்தபடி யோசித்துக்கொண்டிருந்தன. பாறைகளில் பாசி உலர்ந்து தோலுரிந்தது. காமுத்தாய்க்கு மூச்சு வாங்கியது, கெண்டைக்கால் கல்லாக இறுகியது, வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. ஆனாலும் விடியலில் எழுந்து மாவுச்சட்டி தூக்கி, குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த உடம்பு அவளை ஏமாற்றவில்லை. சோலைராசு இரண்டு தடவை உட்கார்ந்தான். அவள் நின்றபடியே இளைப்பாறினாள்.

வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் சுவரடிக்கு வந்துவிட்டார்கள். அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற கருங்கல். நடுவில் மேலிருந்து கீழ்வரைக்கும், ஒரு ஆள் ஒடுங்கி நிற்கிற அளவுக்கு ஒரு பிளவு.

சோலைராசு அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேனைக் கீழே வைத்தான். "எக்கா, இது ஆவாது. வாங்க, எறங்கிருவோம். இவ்வளவு தூரம் வந்ததே பெருசுன்னு சொல்லிக்கலாம்."

"யாருகிட்டச் சொல்ல? மாவுச்சட்டிகிட்டயா?"

காமுத்தாய் பிளவுக்குள் நுழைந்தாள். ஒரு பக்கத்துக் கல்லில் முதுகைச் சாய்த்தாள், எதிர்ப்பக்கத்துக் கல்லில் இரண்டு பாதத்தையும் ஊன்றினாள், முதுகால் ஒரு சாண் தள்ளி, காலால் ஒரு சாண் ஏறினாள். சின்னப்பிள்ளையில் இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவில் இருந்த முடுக்கில் இப்படித்தான் ஏறி ஓட்டுக்கூரையில் உட்காருவாள். ஒச்சம்மா கீழே நின்று, விழுந்துருவடி, விழுந்துருவடி என்று அழுவாள். இப்போது கீழே சோலைராசு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். ரவிக்கையின் முதுகு கிழிந்தது, தோல் வழன்றது, பாதிச் சுவரில் கால் வெடவெடவென்று நடுங்கத் தொடங்கியபோது, ஒரு நொடி, கீழே பார்க்கலாமா என்று தோன்றியது. பார்க்கவில்லை. நடுக்கத்தைப் பார்த்து, "ஆடி முடி, அப்புறம் போவோம்," என்று அதட்டினாள். கால் ஆடி முடித்தது. அவள் போனாள்.

மேலே ஒரு கடுக்காய் மரத்தில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டாள். சோலைராசு அதைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமி பேரையெல்லாம் வரிசையாகச் சொல்லி ஏறி வந்தான்.

கொண்டை உச்சிக்கு வந்து நின்றதும் காற்று அவள் தலைமயிரை அவிழ்த்துவிட்டது. இத்தனை வருசமாக இறங்கி வந்தவர்கள் இட்லிக்குக் காத்திருந்தபடி சொன்ன எல்லாமும் அங்கே இருந்தது. வடக்கே அணை, சூரியன் விழுந்து கிடக்கிற தாம்பாளமாக. அதைத் தொட்டுக்கொண்டு போகிற ரயில், மரவட்டையாக. தெற்கே ஒன்றன் பின் ஒன்றாக, நீலமும் அதைவிட வெளிறிய நீலமுமாக, அப்புறம் மலையா மேகமா என்று பிரிக்க முடியாத புகையாக அடுக்கடுக்காக மலைகள். கிழக்கே காற்றாலைகள் ஆளுக்கொரு கையை வீசிக்கொண்டு நிற்க, அவற்றுக்கு இந்தப் பக்கம் நாவலோடையும், நாவலோடையின் ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு நீலமாக அவளுடைய தார்ப்பாயும். அவ்வளவு சின்னதா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள்ளேயா நான் இத்தனை வருசம் வெந்துகொண்டிருந்தேன்?

அப்புறம் மேற்கே திரும்பினாள். கீழே ஈச்சங்குடி. அவள் ஒரு தடவை, அக்கா கல்யாணத்துக்குப் போனபோது பார்த்த ஊர். அப்போது அந்த ஊர் வீடுகள் எல்லாம் மலைக்கு முதுகு காட்டி, சன்னல்கூட வைக்காமல் நின்றன. கறுத்த சுவரைப் பார்த்து யார் வாசல் வைப்பார்கள்? இப்போது வீட்டுக்கு வீடு பின்சுவரை இடித்துப் புது வாசல் திறந்திருந்தார்கள். பூச்சு காயாத சிமெண்டு வெயிலில் தெரிந்தது. வாசல்தோறும் சின்னச் சின்னதாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"காமுவா? ஏத்தா, நீ காமுதான?"

படிக்கட்டு முடிகிற இடத்தில், நகரத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சுக்குக்காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர் கேனோடு எழுந்தார். ஒச்சம்மாவின் புருசன் தவசி. மீசை நரைத்திருந்தது. அவள் கிழிந்த ரவிக்கையைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள்.

"ஆமா மாமா."

"எப்பிடி வந்த? படியில ஒன்னையக் காணலையே."

"அந்தப் பக்கமா. சுவரேறி."

தவசி பாறை விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தார். கேனைக் கீழே வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார்.

"அந்தச் சுவரு முந்தி எங்க பக்கம் இருந்தது. ஒங்கக்கா வந்தா, காமு. ஒங்காத்தா செத்த அன்னைக்கு. ஆத்துல வெள்ளம், பாலத்துக்கு மேல தண்ணி போகுதுன்னு பஸ்ஸ நிறுத்திட்டான். மலையத் தாண்டிப் போறேன்னு கெளம்பிட்டா. மறிச்ச என்னையத் தள்ளிவிட்டுட்டுப் போனா. புல்லுக்குள்ள விழுந்து எந்திரிச்சு, அந்தச் சுவரு வரைக்கும் வந்துட்டா. அதுக்கு மேல முடியல. நகமெல்லாம் பிஞ்சு ரத்தம். நானும் எவ்வளவோ தூக்கிப் பாத்தேன். ஒங்க ஊர்ல பாடையெடுக்கிற வேட்டுச் சத்தம் மலைக்கு அந்தாண்ட கேட்டுச்சு. அத்தோட கைய விட்டுட்டா. பொழுது சாயிற வரைக்கும் சுவத்தப் பாத்தே உக்காந்திருந்தா."

காமுத்தாய் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன் மாமா சொல்லல?"

"நான் சொல்றேன்னேன். பாதி வழி வந்தேன்னு எப்பிடிச் சொல்றது, வரலன்னா வரலதான்னுட்டா. அதுக்கப்பறம் அவ மலைப் பக்கம் திரும்பிப் பாத்ததே கெடையாது. போன மாசம் மலை பெரண்டுச்சு பாரு, அன்னைக்குக் காலையில அருவிச் சத்தம் கேட்டு எந்திரிச்சவ பின்னால ஓடுனா. ஓடி நின்னவ, ஏங்க, எங்க ஊரு மலைங்கன்னா. ஒங்க ஊர்லருந்து வாக்கப்பட்டு வந்த அத்தன பேரும் அன்னைக்குக் களையெடுக்கப் போகல. பொறந்த வீட்டு மலை வாசலுக்கு வந்திருச்சுன்னு மாத்தி மாத்திக் கட்டிப்பிடிச்சு ஒரே அழுக. பின்சுவத்த இடிச்சு வாசல் வச்சாத்தான் சோறு பொங்குவேன்னுட்டா ஒங்கக்கா."

காமுத்தாய் கிழக்கே பார்த்தாள், மேற்கே பார்த்தாள். இத்தனை காலமும் நாங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவர்கள் இந்தக் கறுத்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது, உச்சியில் நின்ற அந்தக் கணம் வரைக்கும் அவளுக்கோ அவள் ஊருக்கோ ஒரு தடவைகூட உறைக்கவில்லை. அவள் அழவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, எலுமிச்சம்பழச் சோற்றை மூன்றாகப் பங்கு வைத்து, மாமாவுக்கும் சோலைராசுவுக்கும் கொடுத்து, தானும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். பிறகு எழுந்து, "படி எந்தப் பக்கம் மாமா?" என்று கேட்டாள்.

பொழுது சாய்வதற்குள் ஈச்சங்குடியில் இறங்கினார்கள். சோலைராசு கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊருக்குச் சேதி சொல்லப் போனான். ஒச்சம்மா புது வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு வற்றியிருந்தது, ஆனால் கண் அதே கண். படியிலிருந்து இறங்கி வருகிற உருவத்தை வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தில் வந்து நின்றபிறகும் எழவில்லை.

"எந்தப் பக்கமா வந்த?"

"முதுகுப் பக்கமா."

"சுவரு?"

"ஏறிட்டேன்."

ஒச்சம்மாவின் மடியிலிருந்து மொச்சை சிதறியது. எழுந்து, தங்கச்சியைத் திருப்பி நிறுத்தி, கிழிந்த ரவிக்கைக்குள் வழன்ற தோலைப் பார்த்தாள். உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். எண்ணெய் தீர்ந்த பிறகும் கை நிற்கவில்லை.

"எரியுதாடி?"

"நீ தடவு."

"நான் வந்தேன்டி, காமு."

"தெரியும்க்கா. மாமா சொன்னாரு. பாதி வழி நீ வந்த, மீதி வழி நான் வந்துட்டேன். விடு."

மூன்று நாள் அங்கேயே இருந்துவிட்டுக் காமுத்தாய் நாவலோடைக்குத் திரும்பியபோது, சீனிச்சாமி இன்னும் பெரிய கொட்டுகளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். அவள் நேராகப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போனாள். "மலைய எழுப்ப வேணாம்ணே. ஒங்க தங்கச்சியும் அங்கதான் இருக்கா, பாத்தேன். வீட்டுக்கு வீடு நம்ம பொண்ணுக வாசல் வச்சு உக்காந்திருக்குதுக. நாம பாத்தது போதும், கொஞ்ச காலம் அதுகளும் பாக்கட்டும். அதுவா எப்பத் திரும்பிப் படுக்கணும்னு தோணுதோ அப்பப் படுக்கட்டும்." தலைவர், "தங்கச்சி எளச்சிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். கொட்டுக்காரர்களுக்கு வேண்டாமென்று சொல்லி ஆள் போனது.

அதன் பிறகு முதுகுக்கு வழி உண்டாயிற்று. சோலைராசு புல்லுக்குள் தடம் வெட்டினான். கொல்லர் பிளவில் இரும்பு வளையங்கள் அடித்துச் சங்கிலி மாட்டினார். படிக்கட்டில் ஏறி அலுத்த நகரத்துப் பிள்ளைகள், முதுகுப்பாதைதான் பாதை என்று பேசிக்கொண்டு பஸ் பஸ்ஸாக வந்தார்கள். இட்லிச்சட்டி நிமிர்த்தப்பட்டது. ஏறப் பயந்து நிற்கிறவர்களைப் பார்த்து காமுத்தாய், "ரெண்டு இட்லி கூடுதலாத் தின்னுட்டு ஏறுங்க, மலை ஒண்ணும் கடிச்சிராது," என்பாள். குரங்குகளும் கோபம் தணிந்து சங்கிலியில் ஏறப் பழகின.

தை பிறந்ததும் ஒரு நாள், ஒச்சம்மா தன் பக்கத்துப் படிக்கட்டில் ஏறினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தவசி பின்னால் வர, ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு விட்டு உச்சிக்கு வந்து, நான்கு திசையையும் பார்த்து முடித்து, காற்றில் பறந்த சேலையை இறுக்கிக்கொண்டு, கிழக்கு விளிம்புக்கு நடந்தாள். சங்கிலியைப் பிடித்தாள். சுவரைப் பார்த்து, "நகுருடி," என்றாள். பிறகு ஒரு கால், இன்னொரு கால் என்று இறங்கத் தொடங்கினாள். பாதியில் நின்று, கல்லில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள் என்று மேலிருந்து பார்த்த தவசி பிற்பாடு சொன்னார். என்ன பேசினாள் என்பது அவருக்குக் கேட்கவில்லை.

மத்தியானம் போல நாவலோடைத் தெருவுக்குள் ஒச்சம்மா நடந்து வந்தாள், தலைமயிரெல்லாம் புல், உள்ளங்கையெல்லாம் துரு. குழாயடியில் குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் திரும்பினார்கள்.

"அடியே, ஒச்சம்மாவா? எப்ப வந்த?"

"இப்பத்தான்," என்றாள் ஒச்சம்மா. "நடந்தே வந்துட்டேன்."